மாப்பிள்ளை தொடாத பலகாரம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது எறும்பு.

கடிக்காத கறுப்பு எறும்பு. சமையலறை நிலைப்படிக்கு அடியில் புறப்பட்டு, சுவரோரமாக வந்து, அரிசி மூட்டையைச் சுற்றிக்கொண்டு, சாமி அறைக் கதவின் இடுக்கில் நுழைந்தது வரிசை. போகிறவை வெறுமனே போயின. திரும்புகிறவை மஞ்சளாக எதையோ தூக்கிக்கொண்டு வந்தன. குனிந்து பார்த்தேன். பூந்தித் துணுக்கு.

சாமி அறையில் பித்தளைத் தூக்குகள் வரிசையாக இருந்தன. லட்டுக்கு ஒன்று, மைசூர்பாகுக்கு ஒன்று, அதிரசத்துக்கு ஒன்று, முறுக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு தாம்பாளத்தின் நடுவில். தாம்பாளத்தில் தண்ணீர் நிற்கும்வரை எறும்பு ஏறாது. லட்டுத் தூக்கின் தாம்பாளத்தில் தண்ணீர் வற்றி, விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருந்தது.

அம்மா வாசல் தெளித்துவிட்டு வாளியோடு உள்ளே வந்தாள். காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எறும்பையும் பார்க்கவில்லை, தூக்கையும் பார்க்கவில்லை. தெருப்பக்கம் திரும்பி நின்றாள். எங்கள் வீடு ராசிபுரத்தில் பஸ் போகிற சாலையை ஒட்டி இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வருகிற முதல் பஸ்ஸின் சத்தம் கேட்டது. அது நிற்காமல் போனது. பிறகுதான் அம்மா உள்ளே வந்து தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் அது. அக்காவுக்குத் தலைதீபாவளி. அக்காவும் மாப்பிள்ளையும் வரவில்லை. அவர்களுக்காகச் செய்த பலகாரம் செய்தபடியே இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்யாணமான பெண் முதல் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வரவில்லை என்றால் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். போன வாரம் என் மருமகள், இந்தத் தீபாவளிக்கு மிஞ்சின இனிப்புகளையெல்லாம் உதிர்த்து, மைதாவும் முட்டையும் சேர்த்துக் கப் கேக் சுட்டாள். போனில் யாரோ செய்து காட்டினார்களாம். "புது ஐடியா அத்தை, நல்லாருக்கா?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. புது ஐடியா இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். அவளுக்கு முதலில் ட்ரங்க் கால் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்களிடம் சொல்லலாம்.

அப்பா எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கறுப்புப் பலகை முன்னால் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பலகை முழுக்கத் துளைகள். ஒரு துளையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி இன்னொரு துளையில் சொருகுவார். சேலத்தில் இருக்கிற ஒருவர் எங்கள் ஊர் நெய் மண்டிக்காரரோடு பேசுவார். அதுதான் ட்ரங்க் கால். வீட்டிலும் அவர் சத்தமாகத்தான் பேசுவார். சாப்பிடும்போது அம்மா ரசத்தைக் கொண்டுவரத் தாமதமானால் விரலால் மேஜையைத் தட்டுவார், லைன் கிடைக்காதபோது பலகையைத் தட்டுவதுபோல. உலகத்திலேயே பெரிய மரியாதை ஒருவருக்குப் போன் செய்வதுதான் என்பது அவர் எண்ணம். அதிலும் சாதாரணக் கால், அவசரக் கால் என்று தரம் உண்டு. அதற்கும் மேலே பி.பி. கால். யார் எடுத்தாலும் பேச முடியாது. பேர் சொல்லிக் கேட்ட ஆள் தானே வந்து ரிசீவரைப் பிடிக்க வேண்டும்.

அக்காவைக் கொடுத்திருந்தது சங்ககிரிப் பக்கம், லாரி வைத்திருக்கும் வீட்டில். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்கிற முறை உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர் நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, "வந்துருங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்பா போகவில்லை. கல்யாணப் பேச்சுக்கு நாலு தடவை அலைந்தாயிற்று என்றார். பண்டிகை நேரத்தில் லீவு தர மாட்டார்கள் என்றார். அதற்குப் பதிலாக, தீபாவளிக்கு முந்தின வாரம், சம்மந்தியின் லாரி ஆபீசுக்கு அவர் பேரிலேயே அவசரக் கால், பி.பி. கால் புக் செய்தார். எக்ஸ்சேஞ்ச் ஆள்தானே என்று ஓசியில் பேசவில்லை, முறையாகக் காசு கட்டினார். அதை வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"செரிங்க செரிங்கன்னாரு. லைன் கொஞ்சம் கொரகொரன்னுது. ஆனா தெளிவாத்தான் சொன்னேன்."

"மாப்பிள்ளைகிட்டப் பேசுனீங்களா?"

"அட, சம்மந்தியே செரின்னுட்டாரு. பொறகென்ன?"

அந்த நம்பிக்கையில்தான் அம்மா எதிர்வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பலகாரம் சுட்டாள். மைசூர்பாகுக்கு நெய் ஊற்றிய கணக்கை அப்பாவிடம் குறைத்துத்தான் சொன்னாள். லட்டில் பச்சைக் கற்பூரம் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பு குத்தினாள். மாப்பிள்ளை வாயில் படும்வரை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கமா, அம்மாவே வைத்துக்கொண்ட கட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் அந்தத் தீபாவளிக்குத் தின்றது பக்கத்து வீடுகளிலிருந்து தட்டில் வந்த பலகாரம்.

தீபாவளிக்கு முதல்நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து அம்மா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலுக்குப் போனாள். அப்பா புதுவேட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விடிந்தது, வெடித்தார்கள், முடிந்தது. மறுநாள் சங்ககிரி லாரி ஒன்று எங்கள் வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பெரியவர் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாருங்க. என்னையக் கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"போன்ல கூப்புட்டீங்களாமா. போன்லயே வந்துட்டுப் போயிட்டோம்னு நெனச்சுக்கச் சொன்னாருங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா, "திமிரு. லாரி வெச்சிருக்கற திமிரு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அம்மா அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அக்காவை இனிமேல் பார்க்க முடியுமா என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எறும்பு வந்த அன்று காலையில்தான் குமாரபாளையத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், அம்மாவுக்கு நங்கையா. உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுருக்கினாள்.

"ஏண்டா தம்பி, ஊடு பூரா காறல் வாடை அடிக்குது. எளவு ஊடாட்ட ஆளுக்கொரு மூலையில நிக்கறீங்க?"

அம்மா விவரம் சொன்னாள். அத்தை சாமி அறைக்குள் போய் ஒவ்வொரு தூக்காகத் திறந்தாள். அதிரசத்தில் மேல் அடுக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மைசூர்பாகின் நெய் மேலே வெள்ளையாக உறைந்திருந்தது. லட்டு இன்னும் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் எறும்பு தின்ற பள்ளம்.

"இன்னும் ஒரு வாரம் வெச்சிருந்தீன்னா மாடுகூட மோந்து பாக்காது" என்றாள் அம்மாவிடம்.

"மாப்பிள்ளை தொடாத நான் எப்புடீங் நங்கையா யாருக்கும் குடுக்கறது?"

"மாப்பிள்ளை எங்க தொடறது? உன்ற ஊட்டுக்காரன் போன்ல அழைச்சான். லட்டையும் அந்த ஓட்டையில சொருகி அனுப்பச் சொல்லு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிஸ்கட் யோசனை அத்தையுடையது. கடைவீதியில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. காலை ரொட்டி சுட்டு முடிந்ததும் அந்த அடுப்பில் சூடு மிச்சம் இருக்கும். வீட்டிலிருந்து மைதா, சர்க்கரை, வனஸ்பதி கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் பிஸ்கட் சுட்டுத் தகர டின்னில் போட்டுக் கொடுப்பார். கூலி மட்டும் வாங்கிக்கொள்வார். உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். அந்த டின்களின் மேல் ரோஜாப்பூப் படம் இருக்கும்; பிஸ்கட் தீர்ந்ததும் அதில் ஊசி நூல் வைப்போம். "இதுல சர்க்கரையும் இருக்குது, நெய்யும் இருக்குது, மாவும் இருக்குது. உதிர்த்துக் குடுத்தா பிஸ்கட்டு. மாசக்கணக்குல கெடாது" என்றாள் அத்தை.

அம்மா லட்டுத் தூக்கை மூடினாள். பிறகு சொன்னாள்: "சுடலாமுங்க. ஆனா சுட்டதை அங்கதான் கொண்டுபோய்க் குடுக்கோணும். இங்க ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாது."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அந்த நிபந்தனையின் அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பழைய பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு சம்மந்தி வீட்டுக்குப் போக முடியாது. பிஸ்கட் டின்னோடு போகலாம். யாராவது போக வேண்டும்.

அன்று மதியம் வரை கிராம்பு பிடுங்கினோம். பிஸ்கட்டில் கிராம்பு இருந்தால் லட்டு என்று தெரிந்துவிடும் என்று அத்தை சொன்னாள். அம்மா லட்டை உதிர்க்க, நான் பூந்திக்குள் விரலை விட்டுக் கிராம்பைத் தேடி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். மைசூர்பாகை உரலில் போட்டு அத்தை இடித்தாள். இடிக்கும்போதே நெய் கசிந்து உலக்கைப் பூணில் ஒட்டியது. பூஞ்சணம் பிடிக்காத அதிரசத்தைப் பாலில் ஊற வைத்துப் பிசைந்தார்கள். முறுக்கு மட்டும் எதற்கும் அடங்கவில்லை. பின்வீட்டு எருமைக்குப் போனது. என் விரல் முழுக்கப் பிசுபிசுப்பு. நக்கக் கூடாது என்று அம்மா கண்ணால் சொன்னாள். தண்ணீரில்தான் கழுவினேன்.

ரொட்டிக்கடைக்காரர் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கம்மா, வருசம் முச்சூடும் நான் பாக்காத நெய்யெல்லாம் இதுல இருக்குதே. இத என்ன பண்றதுங்க?"

"பிஸ்கட்டு பண்ணு."

"பலகாரத்துல பிஸ்கட்டா? எங்க அப்பன் காலத்துலயும் கேட்டதில்லீங்க."

"உங்கப்பன் ரொட்டியவே ஒழுங்காச் சுடல. நீ சுடு" என்றாள் அத்தை.

அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் மைதாவும் சோடாவும் போட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டித் தகரத் தட்டில் அடுக்கினார். நீளமான மரத் துடுப்பால் அடுப்புக்குள் தள்ளினார். அம்மா கடைக்குள் வரவில்லை. படியில் நின்றுகொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் திருச்செங்கோடு பஸ் வந்து திரும்புவது தெரியும். ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தாள்.

முதல் தட்டு வெளியே வந்தபோது அதில் பிஸ்கட் எதுவும் இல்லை. எல்லாம் உருகி ஒன்றாக ஓடி, தட்டு முழுக்க ஒரே பாளம். ஓரம் கருகியிருந்தது, நடுவில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடா இது, ரோட்டுக்குத் தார் ஊத்துனாப்பல?"

"என்ற தப்பில்லீங்கம்மா. அத்தனையும் சக்கரையும் நெய்யும். இன்னும் ரெண்டு பங்கு மாவு போட்டாத்தான் நிக்கும்."

"போடு. பொண்ணு ஊட்டுக்குப் போறது."

"எந்தப் பொண்ணுங்க? தீவாளிக்கு வரலையே, அந்தப் புள்ளைங்களா?"

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையில் தேங்காய் பன் வாங்க வந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா படியிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அத்தை மட்டும் அசையவில்லை. "அவளேதான். மாப்பிள்ளை லோடு போயிருந்தாரு. இப்பப் பாக்கப் போறோம்" என்றாள், அந்தப் பெண்களைப் பார்த்து.

இரண்டாம் தட்டு நின்றது. மேலே வெடித்த கோடுகளோடு, பழுப்பாக, முந்திரி கறுத்துத் தெரிய. அடுப்பிலிருந்து கிளம்பிய வாசனை ரொட்டி வாசனையாகவும் இல்லை, தீபாவளி வாசனையாகவும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று மோந்து பார்த்தார்கள். சூடு குறைகிற வரைக்கும் காத்திருக்காமல் அம்மா டின்களை மூடச் சொன்னாள்.

அப்பாவைக் கிளப்பினது அத்தை. "நான் முறையாத்தான் கூப்புட்டேன். நான் எதுக்குப் போறது?" என்று ஆரம்பித்தார் அப்பா. "நீ போகாட்டி நான் போறேன். சம்மந்தி கேட்டா, என்ற தம்பிக்குக் காலு வெளங்காதுன்னு சொல்லிக்கறேன்" என்றாள் அத்தை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குழந்தை கூட இருந்தால் யாரும் கத்த மாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

திருச்செங்கோட்டில் பஸ் மாறினோம். டின்கள் என் மடியில் இருந்தன. அப்பா வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சம்மந்தி வீட்டு வாசலில் தார்ப்பாய் காய்ந்துகொண்டிருந்தது. அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். அக்காவின் மாமியார் வெளியே வந்து, அப்பாவைப் பார்த்து ஒரு கணம் நின்று, "வாங்க. வா கண்ணு" என்றார். செம்பில் தண்ணீர் வந்தது. மாமனார் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். மாப்பிள்ளை லோடு ஏற்றிக்கொண்டு முந்தின நாள் பம்பாய் போய்விட்டாராம். அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். "வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

நான் அவள் பின்னாலேயே உள்ளறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது, கயிறு கட்டி. அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அவிழ்த்தாள். மேலாக அவளுடைய தீபாவளிப் புடவை, மடிப்புக் கலையாமல், முனையில் மஞ்சள் தடவி. அதற்கு அடியில் எனக்கென்று வாங்கிய ரிப்பன், பச்சை. பெட்டியில் வைத்தபடியே இருந்தது.

"கட்டிக்கலையா?"

"ஊருல வந்து கட்டிக்கலாம்னு வெச்சேன்." பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டே பேசினாள். "அவுரும் கெளம்பித்தான் இருந்தாரு. சட்டையெல்லாம் போட்டுட்டு. யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போலாமுன்னு. பஸ் சத்தம் கேட்டா நான் வாசலுக்குப் போவேன். கடேசி பஸ் வரைக்கும் பாத்தோம்."

அதே சாயங்காலம் அம்மாவும் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டினாள்.

மாமனார் வந்தார். பெரிய உருவம். அப்பாவைப் பார்த்து, "வாங்க. பஸ்லதான் வந்தீங்களா? போன்ல வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். அப்பா எழுந்து நின்று, தட்டு கேட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, டின்னையும் வைத்து நீட்டினார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "அது பி.பி. காலுங்க" என்றார். "அவசரத்துல புக் பண்ணுனேன். உங்க பேரு சொல்லி. நீங்க தவிர வேற ஆரும் பேச முடியாது. கலெக்டருக்கெல்லாம் அப்படித்தானுங்க போடுவோம்."

மாமனார் தட்டை வாங்கவில்லை.

"கலெக்டருக்குச் செரி. நான் எண்ணெய் தேச்சு ஒக்கோந்திருக்கறேன். ஆபீசுப் பையன் ஓடியாரான். அவசரக் காலு, நீங்களே வந்தாத்தான் சொல்லுவாங்களாம்ங்கறான். என்ற மவன் அன்னைக்கு நாக்பூர் ரோட்டுல லோடோட வாரான். போன மாசந்தான் நம்ம வண்டி ஒண்ணு கவுந்துச்சு. எனக்கு என்ன தோணும்? இடுப்புத் துண்டோட, எண்ணெய் வழிய, வீதியில ஓடறேனுங்க. இவ பின்னால அழுதுட்டு வாரா. உங்க பொண்ணு அதுக்குப் பின்னால. டிரைவர், கிளீனர் அத்தன பேரும் நின்னு வேடிக்கை பாக்கறானுக. ரிசீவர எடுத்தா, தீவாளிக்கு வாங்கங்கறீங்க."

அப்பா தட்டைப் பிடித்தபடி நின்றார். அவசரக் கால் என்றால் மற்றவர்களுக்கு என்ன அர்த்தம் என்பதை, நாள் முழுக்க அவசரக் கால்களை இணைத்துக்கொண்டிருந்த அவர் அதுவரை யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"எனக்குப் படவே இல்லீங்க" என்றார். "தப்புத்தானுங்க."

மாமியார்தான் வந்து தட்டை வாங்கினார். டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்து எனக்குப் பாதி கொடுத்து, மீதியைத் தன் வாயில் போட்டார். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மணல் மணலாகவும் இருந்தது. கடைசியில் தொண்டையில் கற்பூரம் குளிர்ந்தது. அவர் மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள்ளிருந்து எதையோ விரலால் எடுத்துப் பார்த்தார்.

"பிஸ்கட்டுல கிராம்பு போடுவாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"கற்பூர வாசம் வேற" என்றார் மாமியார். "இது லட்டு. தீவாளி லட்டு. எங்களுக்கு வெச்சதுங்களா?"

"அம்மா யாரையும் தொட விடலைங்க" என்றேன் நான். "மாப்பிள்ளை தொட்டாத்தான் எல்லாரும்னு."

"அட சாமி" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஏனுங்க, இங்க பாருங்க. லட்ட இடிச்சு, பிஸ்கட்டாச் சுட்டு, பஸ்ஸேத்திக் கொண்டாந்திருக்கறாங்க. இதுக்கு மேல என்ன முறை வேணும் உங்களுக்கு?" எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, மகன் வந்தால் கொடுக்க வேண்டும் என்று உறியில் வைத்தார்.

மாமனார் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். "கொஞ்சம் கருகிப்போச்சு" என்றார். இன்னொன்றை எடுத்தார். அதை முடித்துவிட்டு, "செரி. நடந்தது நடந்துபோச்சு. பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. பத்துநாள் இருக்கட்டும். பையன் வந்ததும் அனுப்பி வெக்கறேன்" என்றார்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே எழுந்து, "பெட்டிய எடு சாமி, ரண்டு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்" என்றார் அக்காவிடம். பெட்டி கட்டித்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். எடுத்துவர உள்ளே ஓடினேன். இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தபோது அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலீங்கப்பா."

"என்ன சாமி, மாமாவே சொல்லிட்டாரில்ல?"

"அவிய சொல்லிட்டாங்க. நாந்தான் வரலைங்கறேன்."

மாமியார் அவள் தோளைத் தொட்டு, "போயிட்டு வா கண்ணு, உங்கம்மா பாத்துட்டிருப்பாங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அப்பாவையேதான் பார்த்தாள்.

"இப்பத் தனியாப் போயி எறங்குனா என்னன்னு சொல்லுவாங்க நம்ம வீதியில? அத உடுங்க. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுக்கறீங்க. எனக்குன்னு ஒருநாள் பஸ்ஸேற முடியலைங்களாப்பா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. மாமனார் எழுந்து தார்ப்பாயைப் புரட்டிப் போடப் போவதுபோல வெளியே போனார். அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, கயிற்றை அவிழ்த்து, ரிப்பனை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பெட்டியைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோனாள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மாமியார் இலை போட்டார். அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டார். அக்காதான் பரிமாறினாள், மோருக்கு உப்பு போதுமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் பேசியதில் எது கோபம், எது கணக்கு என்று பிற்பாடு வெகுகாலம் யோசித்திருக்கிறேன். அவளிடம் கேட்டதில்லை.

திரும்பும்போது காலி டின்களை மாமியார் கொடுத்தனுப்பவில்லை. கடலைக்காய் போட்டு நிரப்பித்தான் கொடுத்தார். பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தார். உதடு அசையவில்லை. திருச்செங்கோட்டில் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ராசிபுரம் நெருங்கியபோது மட்டும் என் பக்கம் திரும்பி, "தூக்கம் வருதா சாமி?" என்றார். இல்லை என்றேன்.

எங்கள் வீட்டு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். அம்மா வாசலில் நின்றாள். தலை பின்னிப் பூ வைத்திருந்தாள். அத்தை அவளுக்குப் பின்னால். பஸ் கிளம்பும்வரை அம்மா படிக்கட்டையே பார்த்தாள். எங்களுக்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

"எங்கீங்க அவ?"

அப்பா டின்கள் இருந்த பையை அத்தையிடம் கொடுத்தார்.

"அனுப்ப மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

"பிஸ்கட்டக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். தொடக்கூட இல்ல. முறை தெரியாத ஊட்டுக்குப் பொண்ண அனுப்ப முடியாதுன்னுட்டாரு."

அத்தை சங்ககிரிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாள். அம்மா திட்டவில்லை. என்னைப் பார்த்தாள். என் கையில் ரிப்பன் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எக்ஸ்சேஞ்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்று அவருக்கு டியூட்டி இல்லை. அம்மா சாமி அறைக்குப் போய்த் தாம்பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அது சங்ககிரியில், மாமியார் வீட்டில் நடந்தது.